ஹாண்டிலை ஏற்றுங்கள், கிட்டவும் கொண்டு வாருங்கள்

அறுபதைத் தாண்டியவர்கள் சைக்கிளைக் கைவிடும்போது என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கழுத்து உளைகிறது என்பார்கள், கை விறைக்கிறது என்பார்கள், தோள்மூட்டு இழுக்கிறது, நாரி பிடிக்கிறது என்பார்கள். கால் ஏலாது என்று சொல்பவர்கள், நான் கேட்டவரைக்கும், குறைவு. மிதிக்கிற கால் பேசாமல் இருக்க, மிதிக்காத உடம்புதான் முறைப்பாடு வைக்கிறது. அப்படியென்றால் பிழை பெடலிலும் இல்லை, வயதிலும் முழுக்க இல்லை, பெரும்பாலும் ஹாண்டில் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் செய்வது என்ன? முதலில் பஞ்சு வைத்த புதுச் சீற் வாங்குவோம், அதுவும் சரிவராவிட்டால் சீற்றைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவோம், பிறகு தைலம் பூசுவோம், கடைசியில் சைக்கிளைக் கோடிப்பக்கம் சாத்திவிட்டு ஓட்டோவுக்குக் காசு கொடுப்போம்.

நான் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை. திருகோணமலையில் சைக்கிள் கடைத் தம்பி தொடங்கி மீன் சந்தை வரைக்கும் எல்லாருக்கும் இன்னும் ரீச்சர்தான். எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். ஒன்று இவருடைய, அதாவது என் கணவருடைய, பழைய 28 அங்குல ராலி, கம்பி பிறேக், பார் போட்டது. மற்றது மகன் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய் வாங்கிய கியர் சைக்கிள். அந்த வருடம் எல்லாரும் சைக்கிளைத் தூசி தட்டினார்கள், இல்லாதவர்கள் தேடி அலைந்தார்கள், விலை எங்கேயோ போனது. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்து, பிறகு வரிசைகள் குறைந்து, மகனும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டான். கியர் சைக்கிள் எனக்கு மிஞ்சியது. சந்தைக்கு, கோயிலுக்கு, பேத்தியின் ரியூசன் வகுப்புக்கு என்று நான் அதில்தான் போகிறேன். மகள் ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறாள். வாங்கித் தரட்டும், அது வேறு கதை.

எனக்கு வந்தது விரல் விறைப்பு. உப்புவெளிப் பக்கம் போய்த் திரும்பினால் சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்துப்போயிருக்கும். இந்த இரண்டு விரலுக்கும் போகிற அல்னார் நரம்பு உள்ளங்கையின் சின்னவிரல் பக்கத்து அடியில், மணிக்கட்டுக்குக் கிட்ட, தோலுக்கு அவ்வளவு ஆழமில்லாமல் ஓடுகிறது. உடம்புப் பாரத்தை ஹாண்டிலில் கொட்டிக்கொண்டு ஓடினால் அந்த இடம் ஹாண்டிலுக்கும் எலும்புக்கும் நடுவில் நசிபடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டு மடிந்து நிற்பதால் வருவது. எது என்றாலும் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் நாள் முழுக்க விறைப்பு இருந்தால், அல்லது சீனி வருத்தம் உள்ளவராக இருந்தால், ஹாண்டிலோடு மல்லுக்கட்டாமல் வைத்தியரிடம் போங்கள். எனக்கு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், ஆகவே சைக்கிளைத்தான் சந்தேகப்பட்டேன்.

இவருக்குக் கழுத்து. இவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஹாண்டிலை அடிமட்டத்துக்கு இறக்கி, சீற்றை உயர்த்தி, குனிந்து ஓடுவதுதான் ஸ்டைல். அந்த ஸ்டைல் அப்படியே துருப்பிடித்து ராலியில் இருந்துவிட்டது. இருபது வயதில் நாரி மடியும், கழுத்து பின்னால் வளையும். எழுபதில் இரண்டும் அந்த அளவுக்கு வராது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: கதிரையின் நுனியில் இருந்து, நெஞ்சை முழங்கால் பக்கம் சாய்த்து, அப்படியே எதிர்ச்சுவர் மணிக்கூட்டைப் பாருங்கள். பிடரியில் எங்கே இழுக்கிறது என்று தெரியும். அந்த நிலையிலேயே அரை மணித்தியாலம் பள்ளம் திட்டியில் குலுங்கினால் எப்படி இருக்கும்?

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. குனிந்து ஓடும்போது நாங்கள் கண்ணாடியின் மேல் விளிம்பால்தான் தெருவைப் பார்க்கிறோம், சில நேரம் கண்ணாடிக்கு மேலாலேயே பார்க்கிறோம். அதைத் தவிர்க்க இன்னும் கொஞ்சம் தலையை நிமிர்த்துவோம், கழுத்து இன்னும் கொஞ்சம் மடியும். இவருடைய கழுத்து உளைவில் பாதி இந்தக் கண்ணாடிச் சட்டத்தால் வந்தது என்பது என் முடிவு. ஹாண்டில் உயர்ந்த பிறகு தெரு கண்ணாடியின் நடுவுக்கு வந்துவிட்டது.

சரி, சீற்றை முன்னுக்குத் தள்ளுகிற வைத்தியத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். "ரீச்சர், சீற்றை ரெண்டு இஞ்சி முன்னுக்குத் தள்ளிவிட்டா ஹாண்டில் தன்பாட்டில கிட்ட வந்திரும்" என்று. கிட்ட வரும்தான். ஆனால் சீற் நிற்கவேண்டிய இடத்தைக் கால்தான் தீர்மானிக்கவேண்டும், கை அல்ல. சீற் முன்னுக்குப் போனால் உடம்புப் பாரமும் சேர்ந்து முன்னுக்குப் போகும், கைக்கு இன்னும் கூடப் பாரம் ஏறும், முழங்காலும் பெடலுக்கு மேலே கூடுதலாக முன்தள்ளி மடியும். கைவலிக்கு மருந்து என்று முழங்கால்வலியை வாங்கினது மாதிரித்தான். சீற்றின் மூக்கைக் கீழே சாய்த்து வைப்பதும் அப்படியே, வழுக்கி வழுக்கி முன்னால் வருவோம், அந்த வழுக்கலைத் தாங்குவது முழுக்கக் கைதான். ஆகவே முதலில் சீற்றை அதன் இடத்தில் சரியாக வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து, பெடல் அடியில் நிற்கும்போது குதிக்கால் அதில் பட்டுக் கால் நேராக நிற்கவேண்டும், அப்படி இருந்தால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்து நிற்கும். வயது போனவர்கள் நின்ற இடத்தில் காலை நிலத்தில் ஊன்றவேண்டும் என்பதால் அதிலிருந்து ஒரு விரல் கனம் இறக்கினாலும் பாதகமில்லை, அதற்கு மேல் இறக்கினால் முழங்கால் கேள்வி கேட்கும். மேல்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க இப்போது போனிலேயே கருவி இருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஹாண்டில்.

ஹாண்டிலில் இரண்டு விசயம் இருக்கிறது, உயரம் ஒன்று, தூரம் ஒன்று. எல்லாரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் வயதான உடம்புக்குத் தூரம்தான் கூடுதல் முக்கியம். உயர்த்தி வைத்த ஹாண்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் முழங்கை விறைத்து நேராக நிற்கும், தோள் முன்னால் இழுபடும், தெருவில் இருக்கிற ஒவ்வொரு குழியும் நேரே பிடரிக்குப் போகும். முழங்கை கொஞ்சம் மடிந்து தளர்வாக நின்றால் அந்தக் குலுக்கலைக் கையே விழுங்கிவிடும். நல்ல வேளையாக உயரமும் தூரமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. சைக்கிளின் முன்கழுத்துக் குழாய் செங்குத்தாக நிற்பதில்லை, பெரும்பாலான சைக்கிள்களில் நிலத்தோடு 70 பாகைக்குக் கொஞ்சம் கூடவான சரிவில் பின்னால் சாய்ந்து நிற்கிறது. ஆகவே ஹாண்டிலைத் தாங்குகிற தண்டை 3 சென்ரிமீற்றர் ஏற்றினால் ஹாண்டில் கிட்டத்தட்ட 1 சென்ரிமீற்றர் எங்களை நோக்கியும் வரும்.

முதலில் ராலியின் கதை, ஏனென்றால் அதுதான் மெனக்கெடுத்தியது. இந்தப் பழைய சைக்கிள்களில் ஹாண்டில் தண்டு, முன்சில்லைத் தாங்குகிற கவையான போக்கின் குழாய்க்கு உள்ளே இறங்கி நிற்கும். தண்டு 22.2 மில்லிமீற்றர் விட்டம். அதன் அடியில் ஒரு கூம்போ ஆப்போ இருக்கும், மேலே தெரிகிற போல்ட்டை இறுக்க இறுக்க அது மேலெழுந்து தண்டைக் குழாயோடு நெருக்கிப் பிடிக்கும். அந்தப் போல்ட்டைக் கழற்றிவிட்டால் ஹாண்டில் வந்துவிடும் என்று நினைத்து ஆட்டிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. வராது. போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தவேண்டும், தலை மேலே எழும்பி நிற்கும், அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆப்பு இளகினால் போல்ட் தலை "டக்" என்று கீழே உட்காரும். கையிலேயே தெரியும். பிறகு ஹாண்டிலைத் திருப்பித் திருப்பி மேலே இழுக்கலாம்.

எங்களுக்கு அந்த "டக்" கெதியாக வரவில்லை. கடற்காற்றில் வாழ்கிற சைக்கிள், எத்தனையோ வருடமாக அசைக்காத தண்டு. திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தானே, உப்புக் காற்று நுழையாத இடுக்கு கிடையாது. தண்டு சில சைக்கிள்களில் அலுமினியம், போக் உருக்கு, இரண்டு வேறு உலோகத்துக்கு நடுவில் உப்பு ஈரம் நின்றால் அது ஒரு சின்ன மின்கலம், அரித்து அரித்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். பத்தாம் வகுப்பில் பலதடவை படிப்பித்த பாடம். எங்கள் ராலியில் இரண்டும் உருக்கு என்பதால் வெறும் துருதான். துரு இளக்குகிற எண்ணெயைத் தண்டைச் சுற்றி விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் தட்டியதும் இறங்கியது. அவசரப்பட்டு முன்சில்லை முழங்காலுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு ஹாண்டிலைப் பலமாக முறுக்காதீர்கள். போக் வளைந்தால் பிறகு அழுதும் பிரயோசனமில்லை.

எவ்வளவு ஏற்றலாம்? புதிய தண்டுகளில் இதற்கு மேல் ஏற்றாதே என்று ஒரு கோடு வெட்டியிருக்கும். பழையதில் பெரும்பாலும் இருக்காது. குறைந்தது ஆறரை சென்ரிமீற்றர் தண்டு குழாய்க்குள் நிற்கவேண்டும் என்பது பழகிய கணக்கு, அதோடு அடியில் இருக்கிற ஆப்பு போக் குழாயின் மரை வெட்டிய பகுதிக்குக் கீழே நிற்கவேண்டும். மரை வெட்டின இடத்தில் குழாய் மெல்லியது, அந்த இடத்தில் ஆப்பு நெருக்கினால் குழாய் வெடிக்கும். இதில் மட்டும் பேராசை கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாண்டில் கையோடு வந்தால் என்ன நடக்கும் என்று எழுதிக் காட்டத் தேவையில்லை. தண்டை முழுதாக வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, அளந்து, நல்லாகக் கிறீஸ் பூசி மறுபடி இறக்கினோம்.

இப்போதுதான் கம்பி பிறேக்கின் தொல்லை. கேபிள் பிறேக் என்றால் வளைந்து கொடுக்கும். ராலியில் பிறேக் கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பி நேரே கீழே இறங்கி, சில்லைச் சுற்றி நிற்கிற வளைவைத் தாங்குகிறது, அந்த வளைவை மேலே இழுத்தால் பிறேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கும். ஹாண்டிலை இரண்டு விரல் ஏற்றினால் கம்பியும் இரண்டு விரல் மேலே வரும், அதாவது பிறேக் பிடித்தபடியே நிற்கும். ஏற்றி முடித்துச் சில்லைச் சுழற்றினால் சில்லு அசையவில்லை. இவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். கம்பியில் ஒரு சின்ன உறையும் அதை நெருக்குகிற போல்ட்டும் இருக்கிறது, அதைத் தளர்த்தி, வளைவைக் கீழே இறக்கி, ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு இறுக்கவேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு வேறு. பின்பிறேக் கம்பி கீழ்க்குழாயை ஒட்டி வளைந்து வளைந்து போவதால் அதைச் சரிசெய்வதற்குள் பொழுது ஏறிவிட்டது. கடைசியில் கடைத் தம்பிதான் வந்து பார்த்து, பின்கட்டையைத் தேய்ந்ததென்று மாற்றியும் விட்டான். இந்தக் கம்பி பிறேக்கைத் தொடத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன, உங்கள் ஊரில் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரோடு பகைக்காதீர்கள்.

உயர்த்திய ராலியைப் பார்த்து இவர் சொன்னது: "இஞ்சாரும், இது பொம்பிளைச் சைக்கிள் மாதிரியெல்லோ நிக்குது."

"நிக்கிறதைப் பாக்காதேங்கோ, ஏறி ஓடிப் பாருங்கோ" என்றேன். மடத்தடிச் சந்தி வரைக்கும் போய் வந்தவர் திரும்பி வந்து சைக்கிளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, சந்தியில் யாரைக் கண்டார், என்ன கதைத்தார் என்று மட்டும் சொன்னார். கழுத்து உளைந்திருந்தால் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

என்னுடைய கியர் சைக்கிள் வேறு சாதி. மலைச் சைக்கிள் என்று பேர். 1970களில் கலிபோர்னியாவில் மலைச்சரிவுகளில் பழைய சைக்கிள்களை உருட்டி விளையாடிய இளைஞர்களிடமிருந்து பிறந்தது, சரிவில் பாய்ந்து இறங்கும்போது முன்சில்லை அமுக்கிப் பிடிக்கவும், அகலமாகப் பிடித்துத் திருப்பவும்தான் அந்த நேரான, நீளமான ஹாண்டில். எங்கள் ஊரில் நான் ஏறுகிற மலை உவர்மலை. அதற்கும் மேலே என்றால் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றம், அதில் மானுக்கு வழிவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். எனக்கு எதற்கு மலைச்சரிவு ஹாண்டில்?

இந்த வகைச் சைக்கிளில் தண்டு போக் குழாய்க்குள்ளே போவதில்லை, வெளியே கவ்விப் பிடிக்கிறது. ஆகவே மேலே இழுத்து உயர்த்த முடியாது. செய்யக்கூடியது மூன்று. தண்டுக்கு மேலே வளையங்கள் போட்டிருந்தால் அவற்றைத் தண்டுக்குக் கீழே மாற்றலாம். தண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், பல தண்டுகள் ஏழு பாகையளவு சாய்வில் செய்யப்பட்டவை, கீழ்நோக்கிப் போட்டிருப்பதை மேல்நோக்கித் திருப்பினால் 10 சென்ரிமீற்றர் நீளத் தண்டுக்கு 2 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடவே உயரம் கிடைக்கும், காசும் இல்லை. அதுவும் போதாவிட்டால் கட்டையான, செங்குத்தான தண்டு ஒன்று வாங்கவேண்டும், அல்லது குழாயை நீட்டுகிற இணைப்பு ஒன்று. நான் முதல் இரண்டையும் செய்தேன். விறைப்பு குறைந்தது, போகவில்லை.

போக்கியது வளைந்த ஹாண்டில். நின்றபடி கையிரண்டையும் தொங்கவிட்டு, ஒன்றும் யோசிக்காமல் முழங்கையை மடித்து முன்னால் தூக்கிப் பாருங்கள். உள்ளங்கை நிலத்தைப் பார்த்து நிற்காது, ஒன்றையொன்று பாதி பார்த்தபடி நிற்கும். அதுதான் மணிக்கட்டின் இயல்பு. நேரான ஹாண்டிலைப் பிடிக்க அதை முறுக்கவேண்டியிருக்கிறது, பின்னோக்கி வளைந்து வருகிற பழைய லேடீஸ் சைக்கிள் ஹாண்டில் அந்த முறுக்கலைக் கேட்பதில்லை, பிடியும் ஒரு சாணுக்குக் கிட்ட எங்களை நோக்கி வந்துவிடுகிறது. கடைத் தம்பியிடம் கழற்றிப்போட்ட ஹாண்டில் ஒன்று கிடந்தது. நடுவில் கவ்வுகிற இடம் 25.4 மில்லிமீற்றர், என் தண்டும் அதே அளவு. புதிய மலைச் சைக்கிள்களில் அது 31.8 ஆக இருக்கும், அப்போது நடுவில் ஒரு உறை போடவேண்டி வரும், அளக்காமல் வாங்காதீர்கள். பிடி போடுகிற முனை இரண்டிலும் 22.2தான், ஆகவே பிறேக் கைப்பிடியும் கியர் மாற்றியும் அப்படியே ஏறின. "ரீச்சர், கியர் சைக்கிளுக்கு ஆராவது இதைப் போடுவினமா?" என்று கேட்டுக்கொண்டேதான் பூட்டினான்.

பூட்டும்போது கவனிக்கவேண்டியது நிறைய. தண்டுக்கு மேலே மூடி ஒன்றும் அதில் போல்ட் ஒன்றும் இருக்கிறது. அது ஹாண்டிலைப் பிடிப்பதில்லை, உள்ளே இருக்கிற குண்டுகளின் இறுக்கத்தைச் சரிசெய்ய மட்டும். ஹாண்டிலைப் பிடிப்பது தண்டின் பக்கவாட்டுப் போல்ட்டுகள். ஆகவே பக்கப் போல்ட்டைத் தளர்த்தி, மேல் மூடியை இறுக்கி, முன்பிறேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, கடகடப்பு இல்லாமலும் ஹாண்டில் இலகுவாகத் திரும்பும்படியும் வந்த பிறகுதான் பக்கப் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கவேண்டும். பல தண்டுகளில் 5 அல்லது 6 நியூற்றன் மீற்றர் என்று பொறித்திருக்கும். அளக்கிற சாவி வீட்டில் யாரிடம் இருக்கிறது? 10 சென்ரிமீற்றர் நீளமான அலன் கீயின் நுனியில் 6 கிலோ தொங்கினால் என்ன முறுக்கோ கிட்டத்தட்ட அதுதான் 6 நியூற்றன் மீற்றர். கையால் வடிவாக இறுக்குவது போதும், குழாய் மாட்டி ஏறி நிற்கத் தேவையில்லை.

அப்புறம் கேபிள். ஹாண்டிலை இடம்மாற்றினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கவேண்டும். எனக்கு இடப்பக்கம் திருப்பினதும் பின்பிறேக் தன்பாட்டில் பிடித்தது, கேபிள் இழுபட்டிருக்கிறது. நீளக் கேபிளும் நீள உறையும் மாற்றினோம். திருப்பும்போது பிடியின் நுனி முழங்காலில் முட்டுகிறதா என்றும் பாருங்கள், பின்னுக்கு வந்த ஹாண்டிலில் அது ஒரு சிக்கல், குறுகிய திருப்பத்தில் முட்டினால் விழுவோம். பிறேக் கைப்பிடி முன்னங்கையின் நேர்கோட்டில் நிற்கும்படி சுழற்றி இறுக்கவேண்டும், பழைய கோணத்திலேயே விட்டால் மணிக்கட்டு மேலே மடியும். கைப்பிடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பல சைக்கிள்களில் இருக்கிறது, அதைத் திருகினால் கைப்பிடி பிடிக்குக் கிட்ட வரும். என் விரல் கட்டை. அந்தத் திருகாணியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

நிமிர்ந்து இருந்தால் நட்டம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. காற்று. ஆனி ஆடியில் கச்சான் அடிக்கிற பின்னேரங்களில் எதிர்க்காற்றில் நிமிர்ந்து மிதிப்பது தண்டனைதான், குனிந்து ஓடுகிறவன் கடந்து போய்விடுவான். எங்கள் ஓட்டத்தின் வேகத்துக்குக் காற்றில்லாத நேரம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது, மெதுவாகப் போகிறவருக்கு அது பெரிய எதிரி அல்ல. எதிர்க்காற்று வரும்போதுதான் கணக்கு மாறும். அதற்கு நான் செய்வது கியரைக் குறைத்துவிட்டு நேரத்தைக் கொடுப்பது. ஏற்றத்திலும் அப்படித்தான், பாரம் பின்சில்லுக்குப் போய்விடுவதால் முன்சில்லு இலேசாகும், நேராக ஏறாமல் அலைபாயும். உவர்மலை ஏற்றத்தில் இறங்கி நடக்கிறேன், ஒரு வெட்கமும் இல்லை.

சீற்றையும் இப்போதுதான் யோசிக்கவேண்டும், முதலில் அல்ல. கையிலிருந்து எடுத்த பாரம் எங்கேயோ போகத்தானே வேண்டும், அது பின்பக்கத்துக்குப் போகிறது. குனிந்து ஓடுகிறவருக்கென்று செய்த ஒடுக்கமான சீற் நிமிர்ந்து இருப்பவரின் இருப்பெலும்புகளைத் தாங்காது. அகலமான, அடியில் சுருள் வில் வைத்த பழைய வகைதான் நல்லது. ராலியில் அது ஏற்கனவே இருந்தது, அந்தக் காலத்தில் சைக்கிள் செய்தவர்களுக்குக் கந்தோருக்குப் போகிற மனிதரின் உடம்பு தெரிந்திருக்கிறது. என் சைக்கிளுக்குப் புதிதாக வாங்கினேன். மொத்தச் செலவில் அதுதான் பெரியது, ஹாண்டிலுக்குத் தம்பி காசு வாங்கவில்லை.

சந்தைப் பைகளை ஹாண்டிலில் கொழுவுகிற பழக்கத்தை விடவேண்டியும் வந்தது. உயர்ந்து பின்னால் வந்த ஹாண்டிலில் ஒரு பக்கம் மீன் உமல், மறுபக்கம் மரக்கறிச் சொப்பிங் பை என்று தொங்கினால் அது எங்கள் பேச்சைக் கேட்காது, பையின் பேச்சைத்தான் கேட்கும், போதாததற்கு முழங்காலிலும் அடிக்கும். பின்கரியரில் பெட்டி கட்டியிருக்கிறேன். ஹாண்டிலில் வலப்பக்கம் ஒரு கண்ணாடி பூட்டியிருக்கிறேன், பின்னால் வருகிற பஸ் அந்தப் பக்கத்தால்தான் முந்தும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற வேலை பாதி மிச்சம். இவர் கண்ணாடி வேண்டாம் என்கிறார். ராலிக்கு அழகில்லையாம்.

நீங்கள் செய்வதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு சென்ரிமீற்றர் ஏற்றி, ஒரு கிழமை வழக்கமான பாதையில் ஓடி, எங்கே உளைகிறது என்று பார்த்து, அப்புறம் அடுத்தது. ஹாண்டில் சீற்றின் உயரத்துக்கு வந்தாலே பலருக்குப் போதும், கழுத்துத் தேய்வு உள்ளவர்களுக்கு அதைவிட மூன்று நான்கு விரல் மேலே வேண்டியிருக்கலாம். சரியாக வந்துவிட்டதா என்று தெரிய, ஆள் இல்லாத மட்டமான தெருவில் மெதுவாக ஓடும்போது பிடியில் விரல்களைத் தளர்த்திப் பாருங்கள், கையை எடுக்கத் தேவையில்லை. உடம்பு முன்னால் சரியாமல் இருந்த இடத்தில் இருந்தால் பாரம் கையில் இல்லை. மாற்றின ஒரு கிழமைக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பூட்டினது கொஞ்சம் இளகித்தான் இருக்கும். முன்சில்லைக் காலுக்கு நடுவில் இலேசாகப் பிடித்து ஹாண்டிலைத் திருப்பினால் அது தனியாகத் திரும்பக்கூடாது, அவ்வளவுதான் சோதனை.

என் விரல் விறைப்பு இப்போது நீண்ட ஓட்டத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது, அதற்கும் அகலமான ரப்பர்ப் பிடி போடலாம் என்று தம்பி சொல்கிறான். இவரோ பொம்பிளைச் சைக்கிள் என்று சொன்னதை மறந்துவிட்டு இன்னும் ஒரு விரல் ஏற்றலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். ராலியின் தண்டில் மிச்சம் இல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீளத் தண்டுள்ள ஹாண்டில் வேண்டும், அதோடு பிறேக் கம்பியும் நீளவேண்டும், அந்தக் கம்பிக்கு ஊரில் உள்ள பழைய கடைகளில் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் யாருடைய வீட்டுக் கோடியிலாவது கம்பி பிறேக் சைக்கிள் ஒன்று உக்கிக்கொண்டு கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.